விருபண்ணா குறைத்த பதினான்கு மாதங்கள்

தார்வாடில் அந்தக் காலத்து மழைக்கு வரத் தெரியும், போகத் தெரியாது. ஜூனில் வந்து உட்கார்ந்தால், கல்யாண வீட்டில் தங்கிவிட்ட மாப்பிள்ளையின் பெரியப்பா மாதிரி, கணேசன் பண்டிகைக்குக் கொழுக்கட்டை தின்றுவிட்டுத்தான் கிளம்பும். இப்போது மழையும் குறைந்துவிட்டது, புளியமரத்து ஓணி என்கிற அந்தச் சந்தில் ஓட்டு வீடும் இரண்டோ மூன்றோதான் மிச்சம். ஆனாலும் எங்காவது தகரத்தில் நாலு துளி விழுந்தால் போதும், விருபண்ணா ஹிரேமட்டின் மனசு எழுபத்தொன்றாம் வருஷத்து ஜூலைக்கு, குல்கர்ணி அக்கா குடையை மடக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நின்ற அந்தச் சாயங்காலத்துக்கு ஓடிவிடும்.

இரண்டாம் வகுப்பு டீச்சர் ஒருத்தி மழையில் நனைந்துகொண்டு ஒரு வீட்டுக்கு வருவதென்றால் சும்மாவா? ஓணியில் பதினோரு ஜன்னல்கள். பதினொன்றும் திறந்தன. எதிர்வீட்டு ருத்ரவ்வா, காயாத துணியைக் காயப்போடும் சாக்கில் வாசலுக்கே வந்துவிட்டாள்.

விருபண்ணா அப்போதுதான் தாலுகா கச்சேரியிலிருந்து வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மிளகாய் பஜ்ஜித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கச்சேரியில் அவர் முதல்நிலை குமாஸ்தா. ஊரில் யாருக்குச் சான்றிதழ் வேண்டுமென்றாலும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். பிறந்த தேதியைத் திருத்தக் கேட்டு வரும் குடியானவர்களிடம், "பொறந்த தேதி என்ன சட்டையா, நெனச்சா மாத்திக்க?" என்று அவர் கேட்பது ஊருக்கே பழக்கமான வசனம்.

"வாங்க அக்கா, வாங்க. நீலு ஏதாவது சேட்டை பண்ணிட்டாளா?"

"சேட்டை பண்ணது நாந்தான் அண்ணா," என்றாள் குல்கர்ணி அக்கா, சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே. "மூணு வாரமா உங்க பொண்ணை மக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்."

விருபண்ணாவின் மனைவி கௌரவ்வா சமையலறை வாசலில் வந்து நின்றாள். ரொட்டி தட்டிய சோளமாவு முழங்கை வரை வெள்ளையாக இருந்தது.

"எல்லாப் பிள்ளைங்களும் ஒவ்வொரு எழுத்தா விரல் வெச்சு வாசிக்குதுங்க. இவ மட்டும் புத்தகத்தைத் தலைகீழாப் புடிச்சிட்டு உக்காந்திருக்கா. சரி, இதுக்கு எழுத்தே தெரியல, எது மேல எது கீழன்னுகூடத் தெரியலன்னு ரெண்டு நாள் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சேன். நேத்து கோவத்துல, 'எங்க, அப்படியே படி பாப்போம்'னு சொன்னேன். படிச்சா அண்ணா! தலைகீழாவே, தண்ணி ஓடற மாதிரி! ஏண்டி இப்படிப் புடிக்கறன்னு கேட்டா என்ன சொன்னா தெரியுமா? 'நேராப் புடிச்சா சீக்கிரம் முடிஞ்சுபோகுது அக்கா. மொதல் நாளே முழுசும் முடிஞ்சிருச்சு. தலைகீழாப் புடிச்சா கொஞ்ச நேரம் ஓடும்'ங்கறா."

கௌரவ்வா சிரித்தாள். விருபண்ணாவும் சிரித்தார். அவர் சிரிப்பில் மட்டும் ஏதோ ஒரு கல் கடிபட்டது.

ஏனென்றால் பெண்ணின் மூளை அவருக்குப் புதிதில்லை. கடலை கட்டிவந்த காகிதத்தை எல்லாம் நாலு வயதிலேயே படித்தவள். டால்டா டப்பா ஒன்றை முற்றத்தில் வைத்து, அப்பாவின் கச்சேரி ஸ்கேலை அதற்குள் விட்டு, அன்றன்றைய மழையை அளந்து, சமையலறைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டுவருபவள். ரேடியோவில் நேற்று பலத்த மழை என்று சொன்னால், "பொய். ரெண்டு விரல்கூட இல்ல," என்பாள். பெருமையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவரே எத்தனையோ நாள் தவித்திருக்கிறார்.

"நாலாம் வகுப்புப் பாடத்த குடுத்துப் பாத்தேன். அதுக்கும் கண்ணு மின்னுது," என்றாள் அக்கா. "இவளை நாலாம் வகுப்புக்கு ஏத்திடலாம் அண்ணா. இல்லன்னா சும்மா உக்காந்து உக்காந்தே கெட்டுப்போயிடுவா. நான் பாத்திருக்கேன், இந்த மாதிரிப் பிள்ளைங்க ஒண்ணு ரௌடி ஆகும், இல்ல ஊமை ஆகும். எட்டு வயசு முடிஞ்சிருந்தா போதும், எங்க ஹெட்மாஸ்டர் தேசாயி கையெழுத்து போட்டுடுவார். பதிவேட்டுல பாத்தேன், ஏழுன்னு இருக்கு. ஆனா ஆளு வளர்த்தியப் பாத்தா எட்டு மாதிரி தெரியுது. ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருக்கா?"

மிளகாய் பஜ்ஜியின் விதை விருபண்ணாவின் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. இருமி முடிக்க இரண்டு டம்ளர் தண்ணீர் ஆயிற்று.

அந்த ஓணியின் பிள்ளைகள் பிறந்த கதையைச் சொன்னால்தான் அந்த இருமல் விளங்கும். அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். பங்குனியில் பிறந்தாலும் சரி, தீபாவளியன்று பட்டாசுச் சத்தத்தில் பிறந்தாலும் சரி, பள்ளியில் சேரும்போது ஜூன் ஒன்று. தேசாயி மாஸ்டருக்கு எழுத வசதி, கணக்குப் பார்க்க வசதி. வருஷத்தை மட்டும் அப்பன்மார் சொல்வார்கள். சொல்லும்போது ஒன்றோ இரண்டோ குறைத்துச் சொல்வது ஊர் வழக்கம். நாளைக்குப் பிள்ளை சர்க்கார் வேலைக்குப் போனால், ஓய்வு பெறுவது அந்த மட்டுக்குத் தள்ளிப்போகும் அல்லவா? சில வருஷங்களுக்கு முன் ருத்ரவ்வாவின் பெரிய மகன், பதிவேட்டுப்படி பதினாலு வயதில், மீசை முறுக்கிக்கொண்டு ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தது இந்த வழக்கத்தின் புண்ணியத்தில்தான்.

விருபண்ணா சட்டம் தெரிந்தவர். அதனால் மற்றவர்களைவிடப் பக்காவாகச் செய்தார். அறுபத்து மூன்று மார்ச்சில் பிறந்த நீலாம்பிகாவை அறுபத்து நாலு ஜூனில் பிறக்க வைத்தார். பதினான்கு மாதம். அதற்காக ஒரு வருஷம் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்திருந்தார். சேர்க்கும்போது சொல்லியும் அனுப்பினார்:

"அக்கா வயசு கேட்டா ஆறுன்னு சொல்லணும்."

"எனக்கு ஏழுதானே அப்பா?"

"வீட்டுல ஏழு. பள்ளிக்கூடத்துல ஆறு."

குழந்தை அதை யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தது. வீட்டில் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் தெரியக் கூடாது போலிருக்கிறது என்று. படிக்கத் தெரிந்ததையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டது.

"சீட்டெல்லாம் இல்ல அக்கா," என்றார் விருபண்ணா, தொண்டையைச் செருமிக்கொண்டு. "அதுவும் இல்லாம, அவசரம் எதுக்கு? சின்னப் பிள்ளை. பெரிய பிள்ளைங்க நடுவுல போய் மூளை சூடேறிடும். நிதானமா வரட்டும்."

அக்கா கௌரவ்வாவைப் பார்த்தாள். கௌரவ்வா விருபண்ணாவைப் பார்த்தாள். விருபண்ணா பஜ்ஜியைப் பார்த்தார்.

குல்கர்ணி அக்கா லேசுப்பட்ட பெண்பிள்ளை இல்லை. மறுநாளே நீலுவின் கையைப் பிடித்து நாலாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார்த்தினாள். பெயர் இரண்டாம் வகுப்புப் பதிவேட்டில், ஆள் நாலாம் வகுப்பு பெஞ்சில். பத்து நாள் அப்படி ஓடியது. அந்தப் பத்து நாளும் ஹிரேமட் வீட்டில் வாய் மூடவில்லை. நிலா ஏன் கூடவே வருகிறது, மழைத்தண்ணி ஏன் உப்பாக இல்லை, தெற்கே போகிற ரயில் எங்கே திரும்பும் என்று கேள்வி மேல் கேள்வி. ருத்ரவ்வா எதிர்வீட்டிலிருந்து, "கௌரவ்வா, உம் பொண்ணு ரேடியோவ கொஞ்சம் மூடேன்!" என்று கத்துவாள். கத்திவிட்டு, ஜன்னலை மட்டும் மூடமாட்டாள்.

பதினோராம் நாள், ஆய்வாளர் வரப்போவதாகப் பள்ளிக்குத் தபால் வந்தது. தேசாயி மாஸ்டர் பயந்த மனுஷர். பதிவேட்டில் இருக்கிறபடி ஆட்கள் இருக்க வேண்டும் என்று நீலுவைத் திரும்பவும் இரண்டாம் வகுப்பில் கொண்டுவந்து விட்டார். அக்கா எவ்வளவோ வாதாடினாள். "வயசுக்கு ஒரு காகிதம் கொண்டுவரச் சொல்லு தாயி, நானா வேண்டாங்கறேன்?" என்று சொல்லிவிட்டார்.

குழந்தை அழுதிருந்தால்கூட விருபண்ணா தாங்கியிருப்பார். அழவில்லை. சாயங்காலம் வந்து, கால் கழுவி, கொடுத்ததைத் தின்று, சுவரோரம் உட்கார்ந்துகொண்டது. "என்னம்மா படிச்சீங்க இன்னிக்கு?" என்றால், "படிச்சோம்," என்றது. ரேடியோ என்ன சொன்னாலும் சரி என்று கேட்டுக்கொண்டது. எதிர்வீட்டு ருத்ரவ்வாவே, "என்னடி, ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்க வந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீரை உறிஞ்சிக்கொண்டே விருபண்ணா சமையலறைச் சுவரைப் பார்த்தார். கரிக்கோடுகள் வரிசையாகப் போய், ஒரு வெள்ளிக்கிழமையோடு நின்றிருந்தன. வெளியே ஒன்பது நாளாக விடாத மழை. முற்றத்தில் டால்டா டப்பா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"நீலு, மழை அளக்கலயா?"

"எதுக்கு அப்பா?" என்றது குழந்தை. மரியாதையாகத்தான் கேட்டது.

கௌரவ்வா புருஷனைச் சாதாரணமாக "ரீ" என்று கூப்பிடுவாள். கோபம் வந்தால்தான் குலப்பெயர் வெளியே வரும்.

"ஹிரேமட் அவர்களே," என்றாள் அன்று.

விருபண்ணா தேநீரைக் கீழே வைத்தார்.

கௌரவ்வா டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துவந்து அவர் மடியில் போட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டு. மார்ச் இருபது, பெண் குழந்தை, ஆறு பவுண்டு. "நான் பெத்தது எனக்குத் தெரியாதா? நீங்க தேதி மாத்தினப்போ, பெரிய படிப்பு படிச்சவர், ஏதோ நல்லதுக்குத்தான்னு வாய மூடிட்டு இருந்தேன். நாலாங்கிளாஸோட நிறுத்தினவ நான், எனக்கு என்ன தெரியும்? ஆனா இது தெரியுது. அவ அறுபது வயசுல எப்ப வீட்டுக்கு வரணும்னு இன்னிக்கே யோசிச்ச ஆளு, எட்டு வயசுல அவ எங்க உக்காரணும்னு யோசிக்கல."

"உனக்குப் புரியாது கௌரா. இதைத் திருத்தணும்னா நான் தாசில்தார் முன்னாடி பிரமாணப் பத்திரம் எழுதணும். எங்க கச்சேரியிலயே! அந்தப் பசங்க எல்லாம் பாத்துட்டிருக்க!"

"எழுதுங்க."

"சிரிப்பானுங்கடி!"

"ஒரு நாள் சிரிப்பாங்க. பொண்ணு சிரிச்சு ஒம்பது நாள் ஆச்சு."

இது எப்படி மழையைத் தாண்டிக் காதில் விழுந்ததோ, ருத்ரவ்வா அன்று மதியமே ஒரு தட்டில் ஹோளிகை என்னும் போளி, அதன்மேல் நெய், அதன்மேல் வாழையிலைத் துண்டு என்று எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே இன்னும் மூன்று பெண்கள், வெறுங்கையோடு.

"விருபண்ணா, நீங்க பெரியவங்க, சட்டம் தெரிஞ்சவங்க," என்று தொடங்கினாள். "உங்க பொண்ணோடதத் திருத்தினா, அந்தத் தேசாயி மாஸ்டர் பதிவேட்ட எடுத்து எல்லாத்தையும் தோண்ட மாட்டாங்களா? எம் பையன் கதி என்ன? ரயில்வேக்கு எழுதிப்போட்டு உக்காந்திருக்கான்."

"மீசைக்குப் பயந்துக்கறியா?" என்றாள் கௌரவ்வா உள்ளேயிருந்து.

"மீசை இருந்தா என்ன கௌரவ்வா, எங்க வம்சத்துக்குச் சீக்கிரம் முளைக்கும்!" ருத்ரவ்வா விடவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு மூளை எதுக்கு அண்ணா? ரெண்டு வருஷம் மெதுவாப் படிச்சா என்ன குடியா முழுகிடும்? நாளைக்கு மாப்பிள்ள தேடறப்போ, ஒரு வயசு கம்மின்னு வாய்விட்டுச் சொல்லிக்கலாமே!"

சொல்லும்போதே அவள் கண் சுவரோரம் போயிற்று. நீலு ஹோளிகையை எடுத்து, பிய்க்காமல், கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. மற்ற நாளாயிருந்தால், இது வட்டமா நீள்வட்டமா, எப்படிப் பிய்த்தால் ஏழு பேருக்குச் சமமாக வரும் என்று கேட்டிருக்கும்.

"என்னவோ செய்ங்க," என்று ருத்ரவ்வா எழுந்துகொண்டாள். "தட்டு அப்புறம் குடுத்தா போதும்."

திங்கட்கிழமை காலை விருபண்ணா கோட்டுப் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்துக்கொண்டு கச்சேரிக்குப் போனார். போகும் வழியில் மூன்று தடவை திரும்பிவிடலாமா என்று நினைத்தார். மூன்று தடவையும் மழை வலுத்து, முன்னால் போவதே பக்கம் என்றாகிவிட்டது.

பிறந்த தேதித் திருத்தத்துக்கு ஒரு வழக்கமான வாசகம் உண்டு. 'எனது அறியாமையால் தவறான தேதி கொடுத்துவிட்டேன்' என்று குமாஸ்தா எழுதுவார், குடியானவன் கட்டைவிரலை உருட்டுவான். நூறு பேருக்காவது விருபண்ணாவே அதை எழுதியிருப்பார். எழுதும்போதெல்லாம் 'அறியாமை' என்ற சொல்லை ஒரு சுழி அதிகமாகப் போட்டு எழுதுவது அவர் வழக்கம். அன்று தன் மேஜையில் உட்கார்ந்து தனக்கே எழுத ஆரம்பித்தபோது, பேனா அந்தச் சொல்லுக்கு வந்து நின்றுவிட்டது.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன ஹிரேமட், யாருக்கு? அடடே, வீட்டுக்கா! பேசாம மாஸ்டர் மேல போட்டுடுங்க. இல்ல, பொண்டாட்டி சொன்னான்னு எழுதுங்க. பொண்டாட்டிமாருக்கு ஒண்ணும் ஆகாது."

விருபண்ணா இருவர் மேலும் போடவில்லை. யோசித்து, தைரியத்தை வரவழைத்து, 'எனது பேராசையால்' என்று எழுதிக் கொண்டுபோய் தாசில்தாரிடம் நீட்டினார்.

தாசில்தார் இளைஞர், பெங்களூர்க்காரர். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். வெளியே நாலு குமாஸ்தாக்கள் கதவோரம் ஒரே காதாக நின்றார்கள்.

"என்ன ஹிரேமட் இது? பேராசைன்னா ஏமாத்துன்னு ஆயிடும், நான் உங்க மேல விசாரணை வைக்கணும். படிவத்துல பேராசைக்கு எடமில்ல. அறியாமைன்னு எழுதுங்க."

"எனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்கலயே ஐயா."

"பொண்ணு என்ன படிக்குது?"

"ரெண்டாவது. நாலாவதுல இருக்க வேண்டியது. தலைகீழா எல்லாம் படிக்குது."

"அப்போ வீட்டுல இப்படிப்பட்ட பொண்ண வெச்சிக்கிட்டு அதை ரெண்டாவதுல உக்கார வெச்சது அறியாமை இல்லாம என்னய்யா? எழுதும்!"

கதவோரத்துக் காது வெடித்துச் சிரித்தது. விருபண்ணா வாழ்க்கையில் முதல் தடவையாக 'அறியாமை' என்று சுழி இல்லாமல், அடக்கமாக எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். பக்கத்து மேஜைக்காரர் மைப்பெட்டியை நீட்டி, "கட்டைவிரல் வேணுமா அண்ணா?" என்று கேட்டதையும் பொறுத்துக்கொண்டார்.

ஆட்சேபம் இருந்தால் சொல்ல முப்பது நாள். தகவல் பலகையில் அவர் பெயர் போட்ட காகிதம் முப்பது நாள் தொங்கியது. பிறந்த தேதி கேட்டு வந்த குடியானவர்கள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவர் மேஜைக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் நின்றார்கள். அவரும் சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அவர்களுக்கு எழுதிக்கொடுத்தார். அந்த முப்பது நாளும் குல்கர்ணி அக்கா பள்ளி விட்டதும் நீலுவைத் தன் பக்கத்தில் உட்கார்த்தி நாலாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டினாள், தேசாயி மாஸ்டர் பார்க்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்சேபம் யாரும் சொல்லவில்லை. ருத்ரவ்வா ஊரெல்லாம் சொன்னாளே தவிர, கச்சேரிப் பக்கம் போகவில்லை. பதிவேட்டை யாரும் தோண்டவுமில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் தேசாயி மாஸ்டர் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, புதுத் தேதி எழுதி, முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்திட்டார். "மூணாவது அவளுக்கு வயசுப்படி சேர வேண்டியது, மாஸ்டரே," என்றாள் குல்கர்ணி அக்கா. "நாலாவது அவ சம்பாதிச்சது."

அன்று சாயங்காலம் விருபண்ணா கச்சேரியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. ஓணி முனையிலிருந்தே குரல் கேட்டது. மற்ற பிள்ளைகள் ஊர்த் திருவிழாவைச் சொல்கிற குரலில் நீலு அம்மாவைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"அவ்வா! அவ்வா! எனக்குத் தப்பாப் போச்சு!"

சிலேட்டை மடியில் வைத்து, சேற்றுக்காலோடு நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு சோளக்கதிரை நாலு வண்டியில் சமமாக ஏற்றினால் ஒரு வண்டியில் எத்தனை? அவளுக்கு நூற்றைம்பத்து நாலு வந்தது. திருப்பிப் பெருக்கினால் அறுநூற்றுப் பதினாறுதான் வருகிறது. மிச்சக் கதிரெல்லாம் எங்கே போயிற்று?

"மூணு தடவ போட்டேன் அப்பா! மூணு தடவயும் தப்பு! அக்கா பதில் சொல்லவே மாட்டேங்கறாங்க. இன்னும் ரெண்டு பேருக்கும் வரல. ஒருத்தனுக்கு வந்துடுச்சு, அவனும் சொல்ல மாட்டேங்கறான்!"

விருபண்ணா எட்டிப் பார்த்தார். ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு பூஜ்யம் விடுபட்டுப்போயிருந்தது. அவர் விரல் தானாகச் சிலேட்டை நோக்கி நீண்டது. நாக்கு நுனியில் பூஜ்யம் வந்து நின்றது.

"அதும்மா, இங்க..."

நீலு சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். "சொல்லாதீங்க! சொன்னீங்கன்னா பேசவே மாட்டேன்!"

"ரீ," என்றாள் கௌரவ்வா, ரொட்டிக்கல்லிலிருந்து தலையைத் தூக்காமல். "கைய எடுங்க."

விருபண்ணா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். கச்சேரியில் முப்பது நாள் சிரிப்பைத் தாங்கியவருக்கு அந்தப் பூஜ்யத்தைத் தாங்குவது பெரும்பாடாக இருந்தது. எச்சில் தொட்டுச் சிலேட்டை அழித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, நீலு நாலாவது தடவை எழுத ஆரம்பித்தாள். மறுபடியும் நூற்றைம்பத்து நாலு.

"நாளைக்குள்ள வந்துடுமாடி?" என்று கேட்டாள் கௌரவ்வா.

"வராம இருந்தாலும் பரவால்ல அவ்வா," என்றாள் நீலு, சிரித்துக்கொண்டே மறுபடியும் சிலேட்டை அழித்தபடி.